கம்பி வலையின் இரு முனைகள்: காகித இயந்திர வரலாற்றில் ஒரு மறந்த பக்கம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

காகிதத்தின் வரலாறு என்றால் நாம் வழக்கமாகச் சீனாவின் சாய் லூனில் தொடங்குவோம். அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போவோம். அச்சு இயந்திரத்தில் வந்து நிற்போம். இன்று நான் அந்த வழியாகப் போகவில்லை. நாம் நாள்தோறும் படிக்கும் செய்தித்தாளின் காகிதம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நெய்த வலையின் மேல் பிறக்கிறது. தறியிலிருந்து இறங்கியபோது அந்த வலைக்கு இரண்டு முனைகள் இருந்தன. யாரோ அவற்றை ஒன்று சேர்த்து வளையமாக்கிக் கொடுத்த பிறகுதான் இயந்திரம் ஓடியது. அந்த இணைப்பைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

"இதில் என்ன இருக்கிறது? இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்துவிட்டால் முடிந்தது" என்று நீங்கள் நினைக்கலாம். தைத்தும் பார்த்தார்கள். அது போதவில்லை.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறேன். பழைய ரப்பர் ஆலைகளில் எஞ்சினிலிருந்து உருளைகளுக்கு ஒரு வார்ப்பட்டை ஓடும். அதன் இரு முனைகளிலும் உலோகக் கொக்கிகளை அடித்து, கொக்கிகளை ஒன்றோடொன்று கோத்து, நடுவில் ஒரு கம்பியைச் செருகியிருப்பார்கள். அந்த இடம் சக்கரத்தின் மேல் ஏறும்போதெல்லாம் 'டக், டக்' என்று சத்தம் வரும். வார்ப்பட்டைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. அதன் வேலை சக்கரத்தைச் சுழற்றுவது மட்டும்தான். ஆனால் காகிதத்தைச் சுமந்து செல்லும் பட்டையில் அந்த 'டக்' இருக்கவே கூடாது. ஏன் என்று சொல்வதற்கு முன் இயந்திரம் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ராபர்ட்டின் சுழலும் வலை

18ஆம் நூற்றாண்டின் இறுதி வரை காகிதம் ஒவ்வொரு தாளாகக் கையால்தான் செய்யப்பட்டது. மரச்சட்டத்தில் கம்பி வலை பொருத்திய அச்சைக் கூழ்த் தொட்டியில் அமிழ்த்தித் தூக்குவார் ஒருவர். தண்ணீர் வலை வழியே வடியும், நார் மேலே தங்கும். அந்த ஈரத் தாளைக் கம்பளித் துணியின் மேல் கவிழ்த்து எடுப்பார் இன்னொருவர். வலை சட்டத்தின் அளவுதான் தாளின் அளவு. ஒருவர் இரு கையால் தூக்கக்கூடிய சட்டத்தைவிடப் பெரிய தாளை எளிதில் செய்ய முடியாது.

பாரிஸில் 1761இல் பிறந்த லூயி நிக்கோலா ராபர்ட் படையில் பணியாற்றிவிட்டு வந்தவர். எஸ்ஸோன் என்ற ஊரில் டிடோ குடும்பத்தாரின் காகித ஆலையில் வேலை பார்த்தார். தொட்டித் தொழிலாளர்களின் ஓயாத பூசல்தான் அவரை மாற்றுவழி தேட வைத்தது என்று சொல்வார்கள். தொழிலாளர் பக்கத்துக் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே அந்தக் காரணத்தை நான் பாதிதான் நம்புகிறேன். எது எப்படியோ, 1799இல் அவருடைய இயந்திரத்துக்குப் பிரெஞ்சு அரசு காப்புரிமை வழங்கியது.

ராபர்ட்டின் யோசனை எளிமையானது. வலையை மனிதர் தூக்கி இறக்க வேண்டாம். வலையே இரண்டு உருளைகளின் மேல் வளையமாகச் சுற்றட்டும். கூழை அதன் ஒரு பக்கத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தால், தண்ணீர் வடிந்த காகிதம் மறுபக்கத்தில் நீளமாக வந்துகொண்டே இருக்கும். அகலத்துக்குத்தான் எல்லை, நீளத்துக்கு எல்லை இல்லை.

வலைக்கு மட்டும் எல்லை இருந்தது. தறியில் நெய்து இறக்கிய கம்பி வலை ஒரு நீளத் துண்டு. அதைச் சுற்ற வைக்க வேண்டுமானால் தலையையும் வாலையும் எங்கேயாவது ஓரிடத்தில் சேர்த்தே ஆக வேண்டும். முடிவில்லாத காகிதம் என்று உலகம் வியந்த அந்தப் பொருளை, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அந்த ஒட்டுப்போட்ட இடம் தொட்டுவிட்டுப் போனது.

அந்த ஒட்டு என்ன செய்யும்? வலையின் மேல் விழும் கூழில் 100க்கு 99 பங்கு தண்ணீர், ஒரு பங்குக்குள்தான் நார். வலையின் கண்கள் எங்கும் ஒரே அளவாக இருந்தால் தண்ணீர் எங்கும் ஒரே வேகத்தில் இறங்கும். தையல் விழுந்த இடத்தில் கண்கள் அடைபட்டிருக்கும். அங்கே தண்ணீர் தயங்கும், நார் ஒழுங்காகப் படியாது. அந்த இடத்துத் தாளில் குறுக்கே ஒரு கோடு தெரியும். சில சமயம் அந்தக் கோட்டிலேயே தாள் கிழியும். வலையின் நீளம் 30 மீட்டர், ஓடும் வேகம் நிமிடத்துக்கு 600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒட்டுப்போட்ட இடம் நிமிடத்துக்கு 20 முறை வரும். ஒரு நாளைக்கு 28,800 முறை! ஒரு தையலின் குறை 28,800 கோடுகளாகக் காகிதத்தில் பதியும்.

ராபர்ட்டுக்கு இந்த இயந்திரத்தால் வாழ்வு வரவில்லை. காப்புரிமையை டிடோவுக்கு விற்றார். பேசிய பணம் சரியாக வந்து சேரவில்லை. கடைசிக் காலத்தில் வெர்னூயே என்ற சிற்றூரில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து 1828இல் காலமானார்.

இயந்திரம் இங்கிலாந்துக்குப் போனது. டிடோவின் மைத்துனர் ஜான் கேம்பிள் 1801இல் அங்கே காப்புரிமை பெற்றார். ஹென்றி, சீலி ஃபோர்ட்ரினியர் என்ற லண்டன் காகித வணிகச் சகோதரர்கள் பணம் போட்டார்கள். பிரையன் டோன்கின் என்ற பொறியாளர் 1803இல் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் ஃபிராக்மோர் ஆலையில் முதல் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். சகோதரர்கள் ஏறத்தாழ 60,000 பவுன் செலவழித்து 1810இல் நொடித்துப் போனார்கள். நாடாளுமன்றம் 1840இல் அவர்களுக்கு 7,000 பவுன் கொடுத்தது. பணம் போனாலும் பெயர் நின்றது. இன்றைக்கும் அந்த வகை இயந்திரத்துக்கு ஃபோர்ட்ரினியர் என்றுதான் பெயர். டோன்கினின் பட்டறையிலிருந்து 1851க்குள் ஏறக்குறைய 190 இயந்திரங்கள் வெளியேறின. அத்தனை இயந்திரத்துக்கும் வலை வேண்டும். அத்தனை வலைக்கும் இணைப்பு வேண்டும். அந்த இணைப்புகளைப் போட்டவர்களின் பெயர் இந்த வரலாற்றில் எங்கும் வருவதில்லை.

தையலும் பற்றவைப்பும்

ஆரம்பகால வலைகள் பித்தளைக் கம்பியால் நெய்தவை, பின்னர் வெண்கலம் வந்தது. இரு முனைகளையும் ஒழுங்காக வெட்டி, அருகருகே வைத்து, மெல்லிய கம்பியால் தைத்தார்கள். நல்ல எழுதுகாகிதத்துக்கும் செய்தித்தாளுக்கும் அங்குலத்துக்கு 60 பாவுக் கம்பிகள் போன்ற நெருக்கமான வலை தேவைப்பட்டது. 100 அங்குல அகலமுள்ள ஒரு வலையை எடுத்துக்கொண்டால் ஒரு முனையில் 6,000 கம்பிகள். எதிர் முனையில் இன்னும் 6,000. ஒவ்வொன்றும் தனக்கு நேரான கம்பியை நோக்கி நிற்க வேண்டும். ஒரு கம்பி தள்ளிப் போனாலும் வலை கோணலாக ஓடும்.

தையலுக்கு அடுத்தபடியாகப் பற்றவைப்பு வந்தது. நம் ஊர்த் தட்டார் பொடி வைத்து ஊதிச் சங்கிலிக் கண்ணியை ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே வேலைதான். கம்பி முனையும் கம்பி முனையும் முட்டும் இடத்தில் வெள்ளி கலந்த உலோகத்தை உருக்கி ஒட்டினார்கள். அதிகம் வைத்தால் கண் அடைபடும். குறைத்து வைத்தால் ஓடும்போது விட்டுப் போகும். சூடு மிஞ்சினால் கம்பி இளகி வலுவிழக்கும்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த வலை எத்தனை நாள் உழைத்தது என்று கேட்டால் வியப்பீர்கள். வேகமாக ஓடும் செய்தித்தாள் இயந்திரத்தில் வெண்கல வலை ஒரு வாரமோ இரண்டு வாரமோ தாங்கும். அதன் பிறகு தேய்ந்து கிழிந்துவிடும்.

வலை மாற்றும் நாள் ஆலையில் ஒரு பெரும்பாடு. வலை ஏற்கெனவே வளையமாக இணைக்கப்பட்டு வருவதால், வேட்டியை இடுப்பில் சுற்றுவதுபோல் அதை உருளைகளைச் சுற்றிப் போட்டு முனைகளைச் சேர்க்க முடியாது. வளையல் போடுவதுபோல் பக்கவாட்டிலிருந்துதான் உள்ளே நுழைக்க வேண்டும். அதற்காக உருளைகளைக் கழற்றி எடுப்பார்கள். வலையைக் கழிகளில் ஏற்றிப் பலர் சேர்ந்து சுமந்து போவார்கள். ஒருவர் கால் இடறி வலையில் ஒரு மடிப்பு விழுந்தாலே அது வீண். இந்தத் தொல்லைக்காகவே, பின்னாளில் இயந்திரத்தின் கட்டமைப்பையே மாற்றினார்கள். ஒரு பக்கம் மட்டும் தாங்கப்பட்டு, மறுபக்கம் திறந்து நிற்கும்படி சட்டங்களை அமைத்தார்கள். யோசித்துப் பாருங்கள், எத்தனையோ டன் எடையுள்ள இரும்புச் சட்டத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது ஒரு துணியின் மூட்டு!

அமெரிக்காவில் காகித ஆலைகள் பெருகிய இடங்களிலேயே இந்தத் தொழிலும் வளர்ந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் 1895இல் ஆல்பனி ஃபெல்ட் நிறுவனமும், விஸ்கான்சினின் ஆப்பிள்டனில் 1896இல் ஆப்பிள்டன் வயர் ஒர்க்ஸும் தோன்றின. முன்னது கம்பளித் துணிக்கு, பின்னது கம்பி வலைக்கு. இரண்டும் 1969இல் ஒரே குழுமமாகச் சேர்ந்தன.

கம்பளியும் கித்தானும்

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். காகித இயந்திரத்தில் ஓடுவது ஒரே ஒரு பட்டை அல்ல. வலையை விட்டு இறங்கும் ஈரத் தாளைக் கம்பளித் துணி ஏந்திக்கொண்டு பிழியும் உருளைகளுக்கு இடையே அழைத்துப் போகும். அடுத்து, நீராவியால் சூடாக்கிய உருளைகளின் மேல் தாளை அழுத்திப் பிடித்து உலர்த்த இன்னொரு துணி. மூன்றும் வளையங்கள். ஆனால் மூன்று இடத்திலும் இணைப்புக்கு மூன்று விதமான விடை கிடைத்தது.

கம்பளிக்குக் கிடைத்த விடை எனக்கு மிகவும் பிடித்தது. முனைகளின் இழைகளைப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து, பிறகு வெந்நீரும் சோப்பும் சேர்த்து அடித்துத் துவைத்தார்கள். கம்பளி சுருங்கிப் பின்னிக்கொள்ளும்போது மூட்டு அதற்குள் மறைந்துவிடும். இன்னொரு வழி, மூட்டே இல்லாமல் நெய்வது. துணியைக் குழாய் வடிவில் நெய்தால், நாடா மேலடுக்கில் போய்க் கீழடுக்கில் திரும்பும். ஊடை அறுபடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். தறியிலிருந்து இறங்கும்போதே அது வளையம்தான்! ஆனால் வளையத்தின் நீளத்தில் பாதி அளவு தறிக்கு அகலம் வேண்டும். அதனால்தான் இந்தத் தொழிலில் 20 மீட்டருக்கும் கூடுதலான அகலமுள்ள தறிகள் செய்யப்பட்டன. நம் கைத்தறி நெசவாளர் ஒருவர் அதன் முன் நின்றால் எதிர்க்கோடி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

உலர்த்தும் பகுதியில் பருத்திக் கித்தான் ஓடியது. அங்கே தாள் பெரும்பாலும் உருப்பெற்றுவிட்டதால் இணைப்பு கொஞ்சம் முரடாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். ரப்பர் ஆலையில் பார்த்த அதே உலோகக் கொக்கிகள்தான் இங்கும். ஆனால் சூடு கித்தானைப் பொசுக்கியது. சூட்டைத் தாங்குவதற்காகக் கல்நார் நூலைச் சேர்த்து நெய்தார்கள். கல்நார் கலந்த அந்தத் துணிகள் 1970கள் வரை ஓடின. நெய்தவர்கள், ஆலையில் வெட்டி மாட்டியவர்கள், தூசி தட்டியவர்கள் எல்லாரும் அந்தப் பொடியைச் சுவாசித்தார்கள். கல்நார் நுரையீரலை அரிக்கும், புற்றுநோய் தரும் என்பதை இன்று எல்லாரும் அறிவோம். உலர்த்தும் துணி தயாரித்த நிறுவனங்களின் மேல் அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. காகிதத் தொழிலின் பெருமையைச் சொல்லும் நூல்களில் இந்தப் பக்கத்தை மெல்லத் திருப்பிவிடுகிறார்கள். நான் அப்படிச் செய்ய விரும்பவில்லை.

நெய்தே சேர்த்தார்கள்

1950களின் கடைசியிலும் 1960களிலும் செயற்கை இழை வந்தது. வெண்கலக் கம்பிக்குப் பதிலாகப் பாலியெஸ்டர் இழையால் வலை நெய்யலாம் என்றார்கள். மடங்காது, துருப்பிடிக்காது, பல வாரம் உழைக்கும். ஆலைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் மூட்டு என்ன ஆவது? பாலியெஸ்டரைத் தட்டார் வேலையால் ஒட்ட முடியாது. பசை வைத்தால் கண் அடைபடும். முடிச்சுப் போட்டால் முடிச்சின் தடிப்பு காகிதத்தில் பதியும்.

கிடைத்த விடை பழைய நெசவாளரின் விடை. முனைகளை மறுபடியும் நெய்தே சேர்ப்பது.

நம்மவர்களுக்கு இது அந்நியமான வேலை அல்ல. தறியில் பாவு தீரும்போது, பழைய பாவின் கடைசி இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் திரிப்பார்கள். பாவு பிணைத்தல் என்று பெயர். காஞ்சிபுரம் பட்டில் முந்தானைக்கு வேறு நிறம் வேண்டுமானால், உடல் பாவின் ஒவ்வோர் இழையையும் முந்தானைப் பாவின் இழையோடு கையால் கோப்பார்கள். நல்ல கைகாரர்கள் சேர்த்த இடத்தை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும். காகித வலையில் அந்தத் தடவலுக்கும் அகப்படக் கூடாது என்பதுதான் வித்தியாசம்.

வேலை இப்படி நடக்கும். வலையின் இரு முனைகளிலும் ஏறக்குறைய ஒரு சாண் அளவுக்கு ஊடை இழைகளை உருவி எடுத்துவிடுவார்கள். பாவு இழைகள் மட்டும் குஞ்சம்போல் நீட்டிக்கொண்டிருக்கும். இரு குஞ்சங்களையும் எதிரெதிரே வைப்பார்கள். நடுவில், அதே துணியிலிருந்து எடுத்த ஊடை இழைகளை நிறுத்தி, இடப்பக்கத்து இழையை அவற்றின் மேலும் கீழுமாக, மூல நெசவில் போன அதே வரிசைப்படி கொண்டுவருவார்கள். ஓரிடத்தில் அது நிற்கும். வலப்பக்கத்திலிருந்து வரும் இணை இழை அதே வழியில் வந்து அங்கே அதைச் சந்திக்கும். அடுத்த ஜோடி சந்திக்கும் இடம் சற்றுத் தள்ளி. அதற்கடுத்தது வேறோர் இடத்தில். எல்லாச் சந்திப்பும் ஒரே கோட்டில் விழுந்தால் துணி அந்தக் கோட்டிலேயே பிரிந்துவிடும் என்பதால், சந்திப்புகளைக் கோலப் புள்ளிபோல் பரப்பி விடுகிறார்கள்.

பசை இல்லை, முடிச்சு இல்லை, உருக்கி ஒட்டவும் இல்லை. பிறகு எது பிடித்து நிறுத்துகிறது? வலையை நெய்தவுடன் இழுத்துப் பிடித்துச் சூடேற்றுவார்கள். அப்போது ஒவ்வோர் இழையிலும் மேடும் பள்ளமுமாக நெளிவு நிலைத்துவிடும். இணைக்கும்போது அந்த நெளிவு, ஊடையின் மேல் சரியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு நெளிவு இடம் மாறினால் இழை உட்காராது, துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே எண்ணிக்கை தவறவே கூடாது. முடிந்ததும் அந்த இடத்தை மீண்டும் இழுத்துச் சூடேற்றி அமைத்துவிடுவார்கள். இழைக்கும் இழைக்கும் உள்ள உராய்வும் இந்த நெளிவும்தான், அதிவேகத்தில் இழுபடும் வலையை ஒன்றாக வைத்திருக்கின்றன.

இதைக் கையால் செய்தபோது ஒரு வலைக்குப் பல நாட்கள் ஆயின. உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே, நல்ல வெளிச்சத்தில், கொக்கி ஊசியோடு உட்கார்ந்து செய்யும் வேலை அது. 1980களுக்குப் பிறகு இணைப்பு இயந்திரங்கள் பரவின. இழையைப் பிரித்து எடுப்பது, வரிசை பார்ப்பது, செலுத்துவது எல்லாவற்றையும் அவை செய்யும். ஆனால் வலையும் சும்மா இருக்கவில்லை. ஓர் அடுக்கு இரண்டடுக்காகி, பிறகு மூன்றடுக்கானது. இன்றைய நுண்வலைகளில் சென்டிமீட்டருக்கு 60 பாவு இழைகள் இருக்கலாம். 10 மீட்டர் அகல வலை என்றால் ஒரு முனையில் மட்டும் 60,000 இழைகள்.

கீல் திரும்பி வந்தது

மற்ற இரண்டு இடங்களில் காற்று வேறு பக்கம் வீசியது. இயந்திரத்தை நிறுத்தி, உருளைகளைக் கழற்றி, வளையத்தை நுழைப்பதற்கு ஆகும் ஒவ்வொரு மணி நேரமும் ஆலைக்கு நட்டம். ஆட்களுக்கும் ஆபத்து. எனவே முனைகளைத் திறந்த நிலையிலேயே உள்ளே இழுத்துப்போய், அங்கேயே சேர்க்க வழி தேடினார்கள். துணியின் சொந்தப் பாவு இழைகளையே முனையில் வளைத்துத் திருப்பி, மறுபடி துணிக்குள் நெய்து, வரிசையாகச் சிறு வளையங்களை உண்டாக்கினார்கள். ஒரு முனையின் வளையங்களை மறுமுனையின் வளையங்களுக்கு நடுவே பொருத்தி, கதவுக் கீலுக்குள் கம்பி நுழைப்பதுபோல் ஓர் இழையை ஊடே செருகினால் வேலை தீர்ந்தது. ரப்பர் ஆலையின் வார்ப்பட்டை மூட்டுதான். உலோகக் கொக்கி போய், இழையே கொக்கியானது.

உலர்த்தும் துணியில் இது எளிதாக நிலைபெற்றது. 1970களின் இறுதியில் இன்னும் ஒருபடி மேலே போய், நெசவே இல்லாமல், பாலியெஸ்டர் சுருள்களை ஒன்றோடொன்று கோத்து இழை செருகி முழுப் பட்டையையும் செய்தார்கள். அங்கே ஒவ்வொரு வரிசையும் மூட்டு. எல்லாமே மூட்டானால் எதுவும் தனியாகத் தெரியாது அல்லவா! எனக்கு இந்த வழி வேடிக்கையாகவும் இருக்கிறது, புத்திசாலித்தனமாகவும் இருக்கிறது.

பிழியும் பகுதியில் சிரமம் கூடுதல். அங்கே அழுத்தம் மிகுதி, மூட்டின் அச்சு ஈரத் தாளில் அப்படியே விழும். கீல் மூட்டின் மேல் மெல்லிய நார்ப் படலத்தை ஊசிகளால் குத்திப் பதித்து மூடிய பிறகு, 1980களிலிருந்து இந்த வகைத் துணிகள் அங்கும் நுழைந்தன. இரவு முழுக்க நடந்த வேலை சில மணி நேரத்தில் முடிந்தது.

நம் வட்டாரத்திலும் பகாங் மாநிலத்தின் மெந்தகாப்பில் 1990களின் இறுதியில் செய்தித்தாள் காகித ஆலை ஒன்று எழுந்தது. இத்தகைய ஆலைகளுக்கு வலையும் துணியும் தனிப் பெட்டிகளில் அடைத்து, மடிப்பு விழாதபடி உருட்டி அனுப்பப்படுகின்றன.

கூழ் விழும் அந்த முதல் வலைக்கு மட்டும் கீல் மூட்டு பெரும்பாலும் உதவவில்லை. தாள் அங்கே இன்னும் தாளாகவில்லை, தண்ணீராகவே இருக்கிறது. எந்த மேடும் அதில் பதிந்துவிடும். ஆகவே அது இன்றும் இழைக்கு இழை நெய்து சேர்த்த வளையமாகவே ஆலைக்கு வருகிறது, பக்கவாட்டிலிருந்துதான் மாட்டப்படுகிறது. மெல்லிழைக் காகித இயந்திரங்களில் அது நிமிடத்துக்கு 2,000 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இணைப்பு இயந்திரம் தன் வேலையை முடித்த பிறகும், ஒருவர் வெளிச்சத்துக்கு நேரே வலையைப் பிடித்து, அந்த ஒரு சாண் அகலத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்து வருகிறார். துருத்தி நிற்கும் இழை முனை ஏதும் கண்ணில் பட்டால் கையாலேயே சரிசெய்து, அதன் பிறகுதான் பெட்டியில் வைக்கிறார்கள்.